பத்து லட்சம் பெட்டிகள், பெட்டிக்கு எட்டு பைட்

லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் கிடுகிடுவென ஓடி மறையும் வரிகளை யாரும் படிப்பதில்லை. 8 ஜிபி மெமரி உள்ள கணினி என்றால் அவற்றில் ஒரு வரி இந்தத் தகவலைச் சொல்லும்: டென்ட்ரி கேஷ் ஹாஷ் டேபிள், இடங்கள் 1048576, பைட் 8388608. இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 8 வரும். 8 ஜிபியை 8 கேபியால் வகுத்தாலும் அதே 1048576 வரும். மெமரியில் 8 கேபிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 8 பைட் என்று கெர்னல் கணக்குப் போட்டு, கணினி கண்விழிக்கும்போதே பத்து லட்சத்துச் சொச்சம் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிடுகிறது. அதன்பின் கணினியை அணைக்கும்வரை அந்த எண்ணிக்கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கணினி அறிவியல் படிக்கும் மாணவர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். தேவைக்கேற்ப வளரத் தெரியாத டேபிள், மோதினால் சங்கிலியாகக் கோத்துவிடும் பழைய பாணி. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய உள்குறிப்பிலிருந்து அடிப்படையில் இது அதிக தூரம் வந்துவிடவில்லை. ஆனால் இந்தப் பழமைக்குக் காரணம் சோம்பல் என்று நினைத்தால் தவறு. பாடப்புத்தகம் ஹாஷ் டேபிளைச் சராசரி வேகத்தால் அளக்கிறது. கெர்னலுக்குள் அந்த அளவுகோல் போதாது என்பது என் வாதம். அங்கே கேட்க வேண்டியது வேறு: இந்த டேபிள் மிக மோசமான நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும், அப்போது காத்துக் கிடக்கப்போவது யார்?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. மெமரியைப் பங்கிடுவது, கோப்புகளைத் தேடித் தருவது, நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளை உரிய இடத்தில் சேர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். ஐந்து ஃபோல்டர்களுக்கு உள்ளே கிடக்கும் ஒரு படத்தை நீங்கள் திறந்தால், கெர்னல் அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடவேண்டும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் வரை போய்வந்தால் கட்டுப்படியாகாது. அதனால் முன்பு பார்த்த பெயர்களை மெமரியில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்புதான் டென்ட்ரி கேஷ். பல லட்சம் பெயர்களுக்குள் ஒன்றை நொடியில் எடுக்க ஹாஷ் டேபிள் உதவுகிறது.

அதன் அடிப்படை உத்தி கணினிக்கு வெளியேயும் புழக்கத்தில் உள்ளதுதான். பெரிய மருத்துவமனைகளின் ஆவண அறையில் நோயாளிகளின் கோப்புகளைப் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்கும் முறை உண்டு. 00 முதல் 99 வரை நூறு தட்டுகள். 482137 என்றால் 37-ஆம் தட்டு. முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து அடுக்கினால் என்ன? இந்த ஆண்டு பதிவானவர்கள் எல்லோருக்கும் முதல் இலக்கங்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு தட்டு பிதுங்கும், மற்றவை தூசி படிந்து கிடக்கும். கடைசி இலக்கங்களோ தானாகவே பரவிக் கிடக்கின்றன. ஒரு சாவியை (இங்கே பதிவு எண்) வாங்கி, அதிலிருந்து தட்டு எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும் விதிக்குத்தான் ஹாஷ் ஃபங்ஷன் என்று பெயர். இரண்டு கோப்புகள் ஒரே தட்டுக்கு வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, தேடும்போது வரிசையாகப் புரட்டவேண்டியதுதான். சங்கிலி எனப்படும் அந்த வரிசை இரண்டு மூன்று கோப்புகளோடு நிற்கிறதா, இருநூறாக நீள்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கெர்னலில் மருத்துவமனையின் விதி அப்படியே செல்லாது. அங்கே சாவியாக வருவது பல சமயம் மெமரி முகவரி. முகவரிகள் தாறுமாறானவை அல்ல. 64-இன் மடங்காகவோ 4096-இன் மடங்காகவோ சீராக வரும். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 64, 128, 192 என்று 640 வரை பத்து எண்கள், பெட்டிகளும் பத்து. கடைசி இலக்கத்தைக் கொண்டு பெட்டியைத் தேர்ந்தால் 4, 8, 2, 6, 0, மறுபடி 4, 8, 2, 6, 0. பாதிப் பெட்டிகள் காலி, மீதியில் இரண்டிரண்டு. இப்போது ஒவ்வொரு எண்ணையும் பொன்விகிதத்தின் பின்னப் பகுதியான 0.6180339887-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இலக்கத்தை மட்டும் எடுங்கள். 5, 1, 6, 2, 7, 3, 8, 4, 9, 5 என்று வரும். ஒரே ஒரு மோதல். 64-இன் மடங்குகளை விட்டு, வெறும் 1 முதல் 10 வரை போட்டுப் பார்த்தால் 6, 2, 8, 4, 0, 7, 3, 9, 5, 1. பத்துப் பெட்டிக்கும் ஆளுக்கொன்று, சண்டையே இல்லை. டொனால்டு கனூத் தம் புத்தகத்தில் விளக்கிய இந்தப் பெருக்கல் முறை பலன் தருகிறது என்பதை 2000-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சக் லீவர் லினக்ஸின் டேபிள்களை அளந்து காட்டினார். 2002 வாக்கில் அது கெர்னலின் பொதுவான ஹாஷ் விதியானது.

அங்கேதான் ஒரு சிக்கனம் நுழைந்தது. சில பழைய பிராசசர்களில் பெருக்கல் மெதுவாக நடக்கும். அதனால் பொன்விகிதத்தை அச்சாகக் குறிக்கும் எண்ணை விட்டுவிட்டு, அதற்கு அருகில் இருக்கும் 2654404609 என்ற பகா எண்ணைத் தேர்ந்தார்கள். இரண்டின் அடுக்குகள் ஏழை மட்டும் கூட்டிக் கழித்தால் அந்த எண் வந்துவிடும். பெருக்காமல் நகர்த்தியும் கூட்டியுமே வேலையை முடிக்கலாம். 64 பிட் கணினிகளுக்கும் இதே பாணியில் ஓர் எண் எடுத்தார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒழுங்கில் வரும் முகவரிகளை அது சரியாகக் கலக்காமல் ஒரே இடத்தில் குவித்தது. 2016-இல்தான் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டு, அந்த எண்கள் நீக்கப்பட்டன. 32 பிட்டுக்கு 1640531527 வந்தது. திருத்தங்களை அனுப்பியவரின் பெயர் ஜார்ஜ் ஸ்பெல்வின். சொந்தப் பெயரைப் போட விரும்பாத நடிகர்களுக்கு அமெரிக்க நாடக மேடையில் வழிவழியாகத் தரப்படும் பெயர் அது! பதினான்கு ஆண்டுகள் ஒரு மோசமான பெருக்கெண் பிழைத்திருந்ததற்குக் காரணம், சராசரியில் அது நன்றாக இருந்ததுதான். சராசரி ஒரு நல்ல மறைவிடம்.

தற்செயலாக நேரும் குவியலை எண்ணை மாற்றித் தீர்க்கலாம். வேண்டுமென்றே குவிப்பவர்களை என்ன செய்வது? 2003-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். புரோ என்ற நெட்வொர்க் காவல் மென்பொருளின் ஹாஷ் விதியைப் படித்துவிட்டு, ஒரே பெட்டியில் போய் விழும்படி தேர்ந்தெடுத்த பாக்கெட்டுகளை அனுப்பினார்கள். டயல்அப் மோடம் அளவுகூட வேகம் தேவைப்படவில்லை. ஆறே நிமிடத்தில் அந்த சர்வர் தன் முழு பிராசசர் நேரத்தையும் சங்கிலியைப் புரட்டுவதில் செலவழித்து, வந்த பாக்கெட்டுகளில் 71 சதவீதம் வரை தவறவிட்டது. அதே ஆண்டு லினக்ஸ் கெர்னலிலும் இதே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டை எந்த வழியில் அனுப்பவேண்டும் என்று நினைவில் வைத்திருந்த ரூட்டிங் கேஷ் ஒரு ஹாஷ் டேபிள். அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதி அனுப்பினாலே போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதன் ஒற்றைச் சங்கிலியை நீட்டிவிட முடிந்தது. கணக்கு எளிது. 10,000 பதிவுகள் பரவலாக விழுந்தால் ஏறக்குறைய 10,000 ஒப்பீடுகளில் வேலை முடியும். எல்லாம் ஒரே சங்கிலியில் விழுந்தால், ஒவ்வொன்றையும் சேர்க்கும்முன் முழு வரிசையையும் பார்க்கவேண்டியிருப்பதால், ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடுகள். காத்துக் கிடப்பது தாக்குபவர் இல்லை. அந்த சர்வரை நம்பியிருக்கும் மற்ற எல்லோரும்.

மருந்து, ஹாஷ் விதிக்குள் ஒரு ரகசிய எண்ணைக் கலப்பது. கணினிக்குக் கணினி அது மாறும். ரூட்டிங் கேஷில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக்கினார்கள். எந்தப் பாக்கெட் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று வெளியாளால் ஊகிக்க முடியாது. அப்படியானால் எல்லா டேபிளுக்கும் வலுவான ரகசிய ஹாஷையே போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 2012-இல் ஜான்-ஃபிலிப் ஓமாசோனும் டேனியல் பெர்ன்ஸ்டைனும் உருவாக்கிய சிப்ஹாஷ் இதற்கென்றே வந்தது, 2017-இல் கெர்னலுக்குள்ளும் சேர்ந்தது. ஆனால் பொன்விகிதப் பெருக்கல் என்பது ஒரு பெருக்கல், ஒரு நகர்த்தல், அவ்வளவே. சிப்ஹாஷுக்குப் பல சுற்றுக் கலக்கல் வேண்டும். கெர்னல் தானே உண்டாக்கிய முகவரியைத் தானே தேடும் இடத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் வீண். ஆக, ஹாஷ் விதியைத் தேர்வதற்கு முன் சாவியைத் தருவது யார் என்று பார்க்கவேண்டும். வீட்டுக்குள் இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் போதும், தெருக்கதவுக்குத்தான் பூட்டு. அறைத் தாழ்ப்பாளை ஒருநாள் தெருக்கதவுக்குப் போட்டுவிடுவார்களே என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. 2003-இல் நடந்தது அதுதான். அந்தப் பயத்துக்காக எல்லா அறைக்கும் பூட்டுப் போடுவதைவிட, தெருக்கதவு எது என்பதில் கண்ணாக இருப்பது மேல் என்பது என் எண்ணம்.

இனி அந்த 8 பைட்டுக்கு வருவோம். ஒரு பெட்டிக்குள் இருப்பது சங்கிலியின் முதல் கண்ணி எங்கே என்று சொல்லும் ஒரே ஒரு முகவரி. கெர்னலின் வழக்கமான பட்டியலில் தலைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகவரிகள், 16 பைட். ஹாஷ் டேபிளில் பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றோ பூஜ்யமோதான் இருக்கும்; அங்கே பின்முகவரி வீண் என்பதால் ஒற்றை முகவரித் தலையை உருவாக்கினார்கள். பத்து லட்சம் பெட்டியில் 8 எம்பி மிச்சம். 2011-இல் இன்னும் ஒரு படி போனார்கள். மெமரியில் பொருள்கள் 8-இன் மடங்கான இடங்களிலேயே வைக்கப்படுவதால் முகவரியின் கடைசி பிட் எப்போதும் பூஜ்யம். அந்தச் சும்மா கிடக்கும் பிட்டையே பெட்டியின் பூட்டாக்கினார்கள்: 1 என்றால் யாரோ உள்ளே மாற்றம் செய்கிறார், 0 என்றால் திறந்திருக்கிறது. பத்து லட்சம் பெட்டிக்குப் பத்து லட்சம் பூட்டு, கூடுதல் மெமரி ஒரு பைட்கூட இல்லை. படிப்பவர்களுக்கோ பூட்டே தேவையில்லாத இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. நீக்கப்பட்ட கண்ணியை உடனே அழிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் நகர்ந்த பிறகே அப்புறப்படுத்துவார்கள்.

இந்தச் சங்கிலி முறைக்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு. சங்கிலியே இல்லாமல், பொருள்களை டேபிளுக்குள்ளேயே அடுத்தடுத்து வைக்கும் முறை வேகமானது. மெமரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பிராசசரின் கேஷுக்கு அது இதம். கூகுள் வெளியிட்ட சுவிஸ் டேபிள் அந்த வகை. ரஸ்ட் மொழியின் நிலையான நூலகமும் அந்த வடிவமைப்பையே எடுத்துக்கொண்டது. சாதாரண மென்பொருளுக்கு அதைத்தான் நானும் சிபாரிசு செய்வேன். கெர்னலில் பிரச்சினை வேறு. அங்கே ஒரே பொருள் ஒரே சமயத்தில் பல இடங்களில் உறுப்பினர். ஒரு கோப்பின் பெயர்ப்பதிவு ஹாஷ் டேபிளிலும் இருக்கும், தாய் ஃபோல்டரின் பிள்ளைகள் பட்டியலிலும் இருக்கும், நெடுநாள் தொடாதவற்றின் வரிசையிலும் இருக்கும். அதனால் கண்ணி பொருளுக்குள்ளேயே பதிக்கப்படுகிறது. பொருள் இடம் மாறக்கூடாது. இதில் ஒரு பெரிய லாபம்: டேபிளில் சேர்ப்பதற்குப் புதிதாக மெமரி கேட்கவே வேண்டாம், ஆகவே சேர்த்தல் தோற்காது. மெமரி தீர்ந்துபோன நேரத்தில், மெமரியை விடுவிக்கவேண்டிய கெர்னலே மெமரி கேட்டு நிற்பதைப்போல அபத்தம் வேறில்லை. அத்தோடு, சங்கிலியில்லா டேபிள் நிரம்ப நிரம்பத் தடுமாறும். அதன் எளிய வடிவத்தில், பாதி நிறைந்திருக்கும்போது இல்லாத ஒன்றைத் தேட சராசரி 2.5 இடங்களைப் பார்த்தால் போதும். 90 சதவீதம் நிறைந்தால் அது 50.5 ஆகிறது. சங்கிலி முறையில் அதே நிலையில் சராசரி ஒரு கண்ணிக்கும் குறைவு. சுவிஸ் டேபிள் இந்தத் தடுமாற்றத்தைப் பெருமளவு குறைத்திருப்பது உண்மை. ஆனால் அதன் வேகத்தின் பெரும்பங்கு, ஒரே கட்டளையில் பதினாறு இடங்களை ஒப்பிடும் அகன்ற பதிவகங்களிலிருந்து வருகிறது. கெர்னல் அவற்றைத் தொடவேண்டுமென்றால் முதலில் பயனரின் நிரல் அவற்றில் விட்டுச்சென்றதைப் பத்திரப்படுத்தவேண்டும். ஒரு சின்னத் தேடலுக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வளராமல் இருப்பதைப் பற்றிய மறுப்புக்கு இவ்வளவு சுலபமான பதில் இல்லை. டேபிளை இரட்டிப்பாக்கும்போது உள்ளே உள்ள எல்லாவற்றையும் புதிய பெட்டிகளுக்கு மாற்றவேண்டும். ஒரு பதிவுக்கு 100 நேனோவினாடி என்று வைத்தாலும் பத்து லட்சத்துக்கு 0.1 வினாடி ஆகிறது. சராசரி பார்ப்பவர், பத்து லட்சம் சேர்த்தல்களுக்கும் பங்கிட்டால் அது ஒன்றுமில்லை என்பார். சரிதான், ஆனால் கெர்னலில் அந்தச் செலவைப் பங்கிட்டுக் கட்ட முடியாது; யாரோ ஒருவர் தலையில் மொத்தமாக விழும். 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் வினாடிக்கு 1.48 கோடி வரை வரலாம், 0.1 வினாடி கதவடைத்தால் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் வாசலில். நெட்வொர்க் பகுதியில் எத்தனை பதிவு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, ஆகவே வளராமலும் இருக்க முடியாது. ஜோஷ் டிரிப்லெட், பால் மெக்கென்னி, ஜொனாதன் வால்போல் மூவரும் 2011-இல் ஒரு வழி காட்டினார்கள்: படிப்பவர்களை ஒருகணமும் நிறுத்தாமல், பழைய சங்கிலிகளைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் புதிய டேபிளுக்கு நகர்த்தும் முறை. அதை அடிப்படையாகக் கொண்டு தாமஸ் கிராஃப் எழுதிய டேபிள் 2014-இல் கெர்னலுக்குள் வந்தது. 75 சதவீதம் நிறைந்தால் வளரும், 30-க்குக் கீழே போனால் சுருங்கும், ஒரு சங்கிலி அளவுமீறி நீண்டால் ரகசிய எண்ணை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி கலைத்து அடுக்கும். இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சராசரியை மட்டும் நம்பாமல், தனியொரு சங்கிலியின் நீளத்தைக் கண்காணித்து அதற்கு எதிர்வினை செய்கிறது அது.

ஹாஷ் டேபிளே வேண்டாம் என்று முடிவான இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கோப்புகளின் பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷ், 2.5 பதிப்பு உருவான காலத்தில் ஹாஷை விட்டு மர அமைப்புக்கு மாறியது. ஒரு கோப்பின் பக்கங்களை வரிசையாக எடுக்கத்தான் அங்கே ஆசை. ஹாஷ் டேபிளோ பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றைக் கண்காணாத இடங்களுக்குச் சிதறடிப்பதையே தொழிலாகக் கொண்டது. 2017-இல் நிரல்களின் அடையாள எண்களைத் தேடும் டேபிளும் மரமாயிற்று. தாக்குதலுக்கு ஆளான அந்த ரூட்டிங் கேஷ் 2012-இல் 3.6 பதிப்போடு மொத்தமாகவே நீக்கப்பட்டது. வெளியாள் நிரப்பக்கூடிய ஒரு கேஷுக்கு எத்தனை ரகசியம் கலந்தாலும் நிம்மதி இல்லை என்பதே காரணங்களில் ஒன்று. இவையெல்லாம் என் வாதத்துக்கு எதிரான சான்றுகள்போலத் தெரியலாம். ஆனால் இந்த மூன்றிலும் தோற்றது ஹாஷின் சராசரி வேகம் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, வீண் செலவு பற்றி. 8 ஜிபிக்கு 8 எம்பி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் டெராபைட் கணக்கில் மெமரி உள்ள சர்வர்களில் அதே விகிதம் ஜிபி கணக்கில் காலிப் பெட்டிகளைத் தரும், அத்தனை கோப்புப் பெயர்களை அங்கே யாரும் தேடப்போவதில்லை. குற்றச்சாட்டு சரி. 2017-இல் அதை ஒப்புக்கொண்டு, 64 ஜிபிக்கு மேல் மெமரி நான்கு மடங்கானால் டேபிள் இரண்டு மடங்கு மட்டும் ஆகும்படி விதியை மாற்றினார்கள். அப்போதும் கணினி எழும்போது ஒருமுறை அளவு குறித்ததோடு சரி, பிறகு அசையாது. அந்த அசையாமைக்கு ஒரு பலன் 2024-இல் கிடைத்தது. கோப்புப் பெயர் தேடும் ஒவ்வொரு முறையும் கெர்னல் முதலில் டேபிள் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மெமரியிலிருந்து படித்து, பிறகுதான் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. இடமே மாறாத டேபிளின் முகவரியை ஒவ்வொரு முறையும் எதற்குப் படிப்பது? லினஸ் டோர்வால்ட்ஸ் 6.11 பதிப்பில் சேர்த்த மாற்றத்தின்படி, டேபிளை ஒதுக்கி முடித்ததும் கெர்னல் தன் சொந்தக் கட்டளைகளைத் திறந்து, அவற்றுக்குள்ளேயே அந்த முகவரியை எழுதிவிடுகிறது.